கருவாட்டுக் கடையில் அமாவாசைக் கணக்கு!

சைனாடவுன் சின்னக் கடையில் ஒரு காலை நேரம்

– நமது நிருபர் –

காலை மணி 8. மேக்ஸ்வெல் ரயில் நிலையத்திலிருந்து ஆபீஸ் கூட்டம் படியேறி ஓடுகிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் பூஜை மணி அடிக்கிறது. பகோடா தெருவில் சுற்றுப்பயணிகளுக்குப் பொம்மையும் பனியனும் விற்கிற கடைகள் இன்னும் கதவு திறக்கவில்லை.

ஆனால் ஸ்மித் தெருவில் உள்ள சைனாடவுன் காம்பிளெக்ஸ் விடியற்காலையிலேயே விழித்துவிட்டது. அதன் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தை. படி இறங்கும்போதே மூக்கு வழி காட்டுகிறது. மீன் வாசனை, கீரை வாசனை, அப்புறம்... கருவாட்டு வாசனை!

அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு மூலையில் இருக்கிறது நாம் தேடி வந்த கடை. பெரிய போர்டு கிடையாது. ஏர்கண்டிஷன் கிடையாது. ரசீது கேட்டால் பழைய அட்டையைக் கிழித்துக் கணக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனாலும் இந்தக் கடைக்காகச் செங்காங்கிலிருந்து ரயிலேறி வருகிற தமிழர்கள் இருக்கிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது இங்கே?

மூன்றாவது ஆள் வெளியே!

கடையின் அகலம் ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டிப் படுக்கிற அளவுதான். வாடிக்கையாளர் இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். தரையில் சாக்கு, சாக்கின் மேல் கூடை, கூடையின் மேல் டின். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு பழைய மைலோ டப்பா தொங்குகிறது. அதுதான் கல்லாப்பெட்டி! இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். இன்றைக்குக் கைபேசியில் பணம் கட்டுகிற பலகையும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் டப்பாவுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

கடைக்காரருக்கு வயது 76. அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன். தமிழ் வாடிக்கையாளர்கள் அவரைத் "தவுக்கே" என்று கூப்பிடுகிறார்கள். அவர் தமிழ்ப் பெண்களை "ஆச்சி" என்கிறார். இரண்டு பக்கமும் பேசிக்கொள்வது பசார் மலாய்.

"பெராப்பா, தவுக்கே?"

"உனக்கு எவ்வளவு வேணும், சொல்லு. விலை அப்புறம்."

இவருடைய அப்பா தெருவில் கடை போட்டவர். அந்தக் காலத்தில் ஸ்மித் தெரு, டெம்பிள் தெரு, டிரெங்கானு தெரு எல்லாம் ரோடே சந்தைதான். 1983ல் இந்தக் கட்டடம் திறந்தபோது தெருக்கடைக்காரர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். அப்பாவோடு சாக்குமூட்டை தூக்கிக்கொண்டு வந்தவர்தான் இந்தத் தவுக்கே. அன்றிலிருந்து இதே மூலை.

நம்ம பக்கத்து ஊருதான்!

சைனாடவுன் நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். மாரியம்மன் கோயிலை நாராயண பிள்ளை 1827ல் கட்டினார். சிங்கப்பூரில் உள்ள இந்துக் கோயில்களில் இதுதான் மூத்தது. அதன் கோபுரத்தை வைத்துத்தான் பகோடா தெருவுக்கு அந்தப் பெயர். டெம்பிள் தெருவுக்குப் பெயர் கொடுத்ததும் அதே கோயில்தான். இரண்டு எட்டு வைத்தால் சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல்.

சீனர்கள் இந்த இடத்துக்கு வைத்த பெயர் "மாட்டு வண்டித் தண்ணீர்". ஆன் சியாங் குன்றுக் கிணற்றுத் தண்ணீரை மாட்டு வண்டியில் கொண்டுவந்த காலத்துப் பெயர். மலாயில் கிரேத்தா ஆயர். அதுவும் தண்ணீர் வண்டிதான். பக்கத்தில் சாகோ தெரு. சாகோ என்றால் வேறென்ன, நம்ம பாயசத்து ஜவ்வரிசிதான்! 19ஆம் நூற்றாண்டில் ஜவ்வரிசி ஆலைகள் இருந்த இடம் அது.

கடைக்குள் பார்த்தாலும் அதே கதைதான். ஒரு டப்பாவில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு. "இது என்ன, நம்ம பிரியாணிச் சாமானா?" என்று கேட்டோம். தவுக்கே சிரித்தார். சீனர்களின் ஐந்து மசாலாப் பொடியில் இந்த நாலும் சேரும். ஐந்தாவது நாக்கு மரத்துப்போகிற சிச்சுவான் மிளகு. அன்னாசிப்பூ பிறந்த ஊரே தென்சீனமும் வியட்நாமின் வடபகுதியும்தான். நம்ம பிரியாணியில் மிதக்கிற நட்சத்திரம் அங்கிருந்து வந்தது!

கண்ணாடி இழை மாதிரி ஒரு சேமியா. தங் ஹூன். அது பச்சைப்பயற்று மாவில் செய்தது. பக்கத்தில் பீகூன். அது அரிசி. கறுப்பு மண் பூசிய வாத்து முட்டை. உப்பும் சாம்பலும் பூசி ஊற வைத்தது. உமி ஒட்டிய இன்னொரு முட்டைக்கு நூறாண்டு முட்டை என்று பெயர். பெயர்தான் நூறு ஆண்டு. சுண்ணாம்பு, சாம்பல், களிமண் பூசிச் சில வாரங்களோ மாதங்களோ வைத்தால் வெள்ளைக்கரு பழுப்பு ஜெல்லியாகிவிடும். அவ்வளவுதான்!

நெத்திலியில் மட்டும் ஆறு கூடை. பொடி, நடுத்தரம், பெரிசு, தலை கிள்ளினது, கிள்ளாதது, வயிறு சுத்தம் பண்ணினது. பெரிய கடையில் எல்லாம் ஒரே பாக்கெட், ஒரே பெயர். இங்கே "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அள்ளுவார். சம்பலுக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று, வறுத்துக் கொறிக்க ஒன்று.

சே இட்... சாப் கோ!

சரியாக 8:20க்கு ஒரு பாட்டி வந்தார். கையில் கோயில் பிரசாதம். நெற்றியில் குங்குமம். உள்ளே நுழைந்ததும் சாமானைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்!

சுவரில் சீன நாட்காட்டி. தினம் ஒரு தாள் கிழிக்கிற ரகம். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. கீழே சின்னதாகச் சீனச் சந்திரத் தேதி.

"தவுக்கே, சே இட் எப்போ?"

"நாளைக்கு, ஆச்சி."

நமக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டியே விளக்கினார்.

"சே இட்டுன்னா அவங்க மாசத்துல முதல் நாள். சாப் கோன்னா பதினஞ்சாம் நாள். சாப் கோ மே தெரியுமில்ல, புத்தாண்டு கழிஞ்சு பதினஞ்சாம் நாள் கொண்டாடுவாங்களே, அதே சாப் கோதான். அவங்க மாசம் சந்திரனை வெச்சு ஓடுது. முதல் நாள்னா நம்ம அமாவாசை. பதினஞ்சுன்னா பௌர்ணமி. சில சமயம் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும். நான் ஊர் காலண்டரையும் பாப்பேன், தவுக்கே காலண்டரையும் பாப்பேன்."

அந்த இரண்டு நாளும் பல சீனக் குடும்பங்களில் கவுச்சி கிடையாது. "சாய்" சாப்பாடு. சாய் என்றால் சைவம். கட்டுப்பாடாக இருப்பவர்கள் வெங்காயமும் பூண்டும்கூடத் தொடமாட்டார்கள். நம்ம வீட்டு விரதச் சமையல் மாதிரியேதான்!

அதனால்தான் கருவாட்டு வாசனை அடிக்கிற இந்தக் கடையில் ஒரு பக்கம் முழுக்கச் சைவம். காய்ந்த காளான், தவ் குவா என்கிற கெட்டி சோயாக் கட்டி, சோயாப் பாலாடையைக் காய வைத்த ஃபூ சுக், தாமரைக் கிழங்கு, வெள்ளைக் காளான், சிவப்புப் பேரீச்சை. முதல் நாளுக்கு முந்தின நாள் இந்தப் பக்கம் கூட்டம் நெரியும். சீன ஆன்ட்டிகளோடு நம்ம பாட்டியும் நிற்பார்.

"நாப்பது வருஷமா வர்றேன். இவர் என்கிட்ட ஒரு தடவைகூட 'நீ ஏன் சாய் கேக்கிறே'ன்னு கேட்டதில்ல. எனக்கு வெங்காயம் ஆகாத நாள் எதுன்னு என் மருமகளைவிட இவருக்கு நல்லாத் தெரியும்!"

பாட்டிக்கு வந்த சோதனை

இந்தப் பாட்டி ஒரு தடவை இங்கே வராமல் வேறிடம் போனார். வந்தது வினை.

தீமிதி விரத சமயம். மகன் பூக்குழி இறங்க நேர்ந்துகொண்டு பல நாளாகச் சைவம். பாட்டிக்கு முட்டிவலி. சைனாடவுன் வரை வர முடியவில்லை. வீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கடையில் மிளகாய் விழுது பாட்டில் வாங்கினார். அட்டையில் சிவப்பு மிளகாய்ப் படம். மிளகாய்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது?

மூன்று நாள் கழித்துப் பேத்தி பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். "பாட்டி, இதுல இறால் இருக்கு!"

பிளாச்சான்! இறாலை அரைத்துப் புளிக்க வைத்த விழுது. இங்கே பாதி மிளகாய் விழுதுகளில் அது இருக்கும்.

"அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. மகன்கிட்ட சொல்றதா, வேண்டாமா? கடைசியில கோயில்ல போய்ச் சொன்னேன். அறியாம நடந்ததும்மா, மனசைக் குழப்பிக்காதேன்னு சொன்னாங்க. அவனும் நல்லபடியா இறங்கினான். ஆனா எனக்கு மனசு ஆறல" என்கிறார் பாட்டி. சொல்லும்போது இன்னும் குரல் இறங்குகிறது.

கடைக்காரர்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அட்டையில் சேர்மானம் எழுதித்தான் இருந்தது. சிங்கப்பூரில் பாக்கெட் சாமான்களில் ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பாட்டிக்கு ஆங்கிலம் படிக்க வராது. பெரிய கடையில் கேட்பதற்கு ஆளும் இல்லை. கேள்வி கேட்டால் அலமாரி பதில் சொல்லுமா?

இங்கே தவுக்கே ஒவ்வொரு பாட்டிலையும் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார். "இது ஆச்சிக்கு ஆகாது. இது ஆகும். இந்தச் சிப்பி சாசில் நிஜச் சிப்பி. அதோ அந்தச் சிப்பி சாசில் சிப்பி இல்லை, காளான்." முஸ்லிம் வாடிக்கையாளர் வந்தால் அவரே ஹலால் முத்திரையைத் தேடிக் காட்டுகிறார். பன்றிக்கொழுப்பு சேர்ந்த பிஸ்கட்டை எடுக்கப் போனால், "தா போலே! தா போலே!" என்று கையைத் தடுக்கிறார்.

விற்பனை போனால் போகட்டும் என்று தடுக்கிற கடைக்காரரை வேறு எங்கே பார்க்கப்போகிறோம்?

கறுப்பா? மெலிசா?

புதிதாகக் குடித்தனம் வைத்த ஒரு தம்பி வந்தார். சோயா சாஸ் கேட்டார். "கறுப்பா, மெலிசா?" என்றார் தவுக்கே. தம்பி விழித்தார்.

மெலிசானது உப்புக்கு. கெட்டிக் கறுப்பு நிறத்துக்கும் இனிப்புக்கும். கறுப்பை உப்புக்காக ஊற்றினால் குழம்பு தார் ரோடு மாதிரி ஆகிவிடும், உப்பும் ஏறாது. மெலிசை நிறத்துக்காக ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. தம்பி ஒரு சின்ன பாட்டில் மெலிசு வாங்கிப் போனார். ஒரு நிமிஷப் பாடம், ஒரு மாசச் சமையல் பிழைத்தது!

அடுத்து காளான். தலையில் வெடிப்பு விழுந்தது பூக்காளான். குளிரிலும் வறட்சியிலும் மெதுவாக வளர்ந்ததால் வெடிக்கிறதாம். சதை கெட்டி, விலையும் கெட்டி! குழம்பில் வெட்டிப் போட வெடிப்பில்லாத சாதாரணக் காளானே போதும் என்கிறார் விற்கிறவரே. ஊற வைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது. பாட்டி அதில் ரசம் வைக்கிறார்!

வெள்ளைக் காளான் பளிச்சென்று பால்வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள் என்பது அவருடைய இன்னொரு எச்சரிக்கை. கந்தகப் புகை போட்டு வெளுத்ததாக இருக்கலாம். லேசான மஞ்சள்தான் நல்லது.

555 நோட்டு

மணி 9. வெள்ளைச் சட்டை, கையில் குடையோடு ஒரு பெரியவர். துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். செங்காங்கில் வீடு. பக்கத்திலேயே இரண்டு பேரங்காடி இருக்கிறது. ஆனாலும் மாதம் ஒரு தடவை ரயிலேறி வந்துவிடுவார்.

ஏன் என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அட்டையில் 555. அந்தக் காலத்துச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடன் நோட்டு!

"எங்கப்பா தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கினவர். கப்பல் வந்தா கூலி. கப்பல் இல்லேன்னா பட்டினி. அப்போ தெருக்கடையா இருந்த காலத்துல இந்தத் தவுக்கேயோட அப்பாதான் அரிசி, நெத்திலி, உப்பு முட்டை எல்லாம் கடனாக் கொடுத்தார். சாமானை அவர் சீனத்துல எழுதுவார். அப்பாவுக்குத் தமிழே எழுத வராது. ரெண்டு பேருக்கும் நம்பர் மட்டும் புரியும்."

அப்பா திடீரென்று இறந்துவிட்டார். நோட்டில் பாக்கி 11 வெள்ளி 40 காசு. இவர் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தோடு கடைக்கு வந்தார்.

"பெரிய தவுக்கே வேண்டாம்னு சொல்வார்னு நெனச்சேன். சொல்லல. 11 வெள்ளி 40 காசையும் எண்ணி வாங்கிக்கிட்டார். கோடு போட்டுக் கணக்கை அடிச்சார். அப்புறம் ஒரு பெரிய பொட்டலம் நெத்திலி கட்டி, 'இது உங்கம்மாவுக்கு. அது கணக்கு, இது வேற'ன்னார். பிச்சையா விட்டிருந்தா நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். எங்கப்பா கடன்காரரா சாகலேன்னு ஆக்கினாரே, அதுக்குத்தான் இன்னும் வர்றேன்."

சின்னத் தவுக்கே, அதாவது 76 வயதுத் தவுக்கே, இதைக் கேட்டுக்கொண்டே நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. தராசு மட்டும் கொஞ்சம் தாராளமாகச் சாய்ந்தது!

இன்னும் எத்தனை நாள்?

இப்படிப்பட்ட கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. காரணம் ஒன்றல்ல.

1973ல் தோ பாயோவில் தொழிற்சங்கத்தின் கூட்டுறவுப் பேரங்காடி வந்தது. அதன் பிறகு வட்டாரத்துக்கு வட்டாரம் பேரங்காடி. மொத்தமாக வாங்கிக் குறைத்து விற்க அவர்களால் முடியும். தெருவோரக் கடைவீடுகளுக்கு 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001ல் நீக்கப்பட்டது. பழைய வாடகையில் நடந்த மளிகைக் கடைகளுக்கு அது பெரிய அடி. பல இடங்களில் இன்று மதுக்கடையும் காப்பிக்கடையும்.

சிறு கடைக்குச் சாதகமும் இல்லாமலில்லை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு. சின்னக் கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 2024 ஜனவரியில் வீட்டுக்கு 500 வெள்ளி பற்றுச்சீட்டு வந்தபோது அதில் பாதி, உணவங்காடிக்கும் வட்டாரக் கடைகளுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது.

ஆனால் தவுக்கேயின் பிரச்சினை அதுவல்ல. ஆள்!

"மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை வந்து மூட்டை தூக்கித் தருவான். ஆனா ஆறு கூடை நெத்திலியையும் காட்டிக் கேட்டா, அவனுக்கு எல்லாம் மீன்தான். இன்னும் ரெண்டு சீனப் புத்தாண்டு பார்ப்பேன். அப்புறம் மூடிடுவேன்."

பாட்டி சட்டென்று திரும்பினார். "அப்ப எனக்கு யாரு பாத்துச் சொல்றது?"

தவுக்கே பதில் சொல்லவில்லை. பாட்டி வாங்கிய காளானைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

நெத்திலி எங்கேயும் கிடைக்கும். காளானும் கிடைக்கும். கைபேசியில் அழுத்தினால் வாசலுக்கே வந்துவிடும். ஆனால் "இது உனக்கு ஆகாது, எடுக்காதே" என்று சொல்கிற வாய், இந்த மூலைக் கடையோடு போய்விடும். பாட்டியின் கவலை அதுதான்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

• காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குள் சந்தை காலியாகிவிடும்.

• "சாய்" என்று கேளுங்கள். ஆனாலும் முட்டை ஆகாதவர்கள் பாக்கெட்டைப் படியுங்கள். சில சைவக் "கறி"களில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள்.

• என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். என்ன வாங்குவது என்று அவர் சொல்வார்.

• கொஞ்சமாக வாங்குங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு நெத்திலி வெளியே தாங்காது. வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

• பழைய ஆட்கள் "ஒரு காத்தி" என்று கேட்டால் மிரள வேண்டாம். 600 கிராமுக்குச் சற்று மேல். கிராமில் கேட்டாலும் கொடுப்பார்.

கிளம்புகிற நேரம். நமது நிருபருக்கும் ஆசை வந்துவிட்டது. "கால் கிலோ நெத்திலி, தவுக்கே. நாளைக்கு வீட்டில் வறுக்கணும்."

தவுக்கே கூடைக்குள் விட்ட கையை அப்படியே நிறுத்தினார். சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். நம் நெற்றியைப் பார்த்தார்.

"நாளைக்கு சே இட். உங்க வீட்டில் சாப்பிடுவாங்களா?"

அட, அமாவாசை!

நெத்திலி கூடைக்கே திரும்பிப் போனது. நமது நிருபர் 100 கிராம் காளான் வாங்கிக்கொண்டு, வீட்டில் திட்டு வாங்காமல் தப்பித்தார்!